தோற்கிறவர்களுக்கு என்ன மிச்சம்

டிம்ப்னா மல்க்ரூவுக்குக் குலுக்கலில் எதுவும் விழுந்ததே கிடையாது. தேவாலயத்தில் வருஷா வருஷம் நடக்கும் கிறிஸ்துமஸ் குலுக்கலில் ஒரு சோப்பு டப்பாகூட அவளுக்குக் கிடைத்ததில்லை. அப்படிப்பட்டவளின் பெயர், ஒரு பல்கலைக்கழகம் வட அயர்லாந்து முழுவதிலிருந்தும் நூறு பேரைக் குலுக்கி எடுத்தபோது வெளியே வந்து விழுந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல். பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். இந்த வடக்கு, இப்போது இருக்கிறபடி பிரிட்டனோடு இருந்துகொள்வதா, தெற்கே இருக்கும் அயர்லாந்தோடு சேர்ந்து ஒரே நாடாவதா. எதுவானாலும் அது எப்படி இருக்க வேண்டும். அதற்கான ஓட்டெடுப்பு என்றைக்கு வரும், வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு நிதானமாக யோசிக்க யாரும் விடமாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே சாதாரண ஜனங்களை உட்காரவைத்து யோசிக்கச் சொன்னார்கள்.

அவள் கணவன் ஃபின்டன் வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

"நூறு வருஷமா எல்லாரும் அடிச்சுக்கிட்டும் முடியாததை நீ ரெண்டு நாள்ல முடிச்சிட்டு வா. வரும்போது அப்படியே ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வந்துடு."

டிம்ப்னா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் தனித்தனி, தேவாலயம் தனித்தனி, விளையாடும் பந்துகூடத் தனித்தனி. அவளுடைய சின்ன சிவப்புக் காரில் மட்டும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஒரே மாதிரி திட்டு வாங்கினார்கள். இங்கே கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் ஒரே அயர்லாந்து கேட்பார்கள், புராட்டஸ்டன்ட்கள் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பார்கள். அவள் கத்தோலிக்கக் குடும்பம். ஒரே அயர்லாந்து என்பது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்த ஆசை இல்லை. பிறந்ததிலிருந்து கூடவே இருந்தது. ஆனால் தெற்கே கட்டிக்கொடுத்த அவள் தங்கை ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் பணம் கட்டுகிறாள். டிம்ப்னாவுக்கு இங்கே முழங்கால் மாற்றிய சிகிச்சைக்கு, ரொம்ப நாள் காக்கவைத்தார்கள் என்றாலும், காசு வாங்கவில்லை. "மனசு தெற்கே இழுக்குது, முட்டி வடக்கே இழுக்குது" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, அது அவளுக்கு உண்மையான கவலை.

ஹோட்டலில் வட்ட மேஜைகள் போட்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்த மேஜையில் எதிரே இருந்த பெரியவரைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சிவந்த கழுத்து, தாழ்ந்த குரல். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஐவன் க்ரோசியர் என்று இருந்தது. பெயர் அவளுக்கு அன்றுவரை தெரியாது. முகம் தெரியும். இரண்டு தரப்பும் துப்பாக்கியோடு மோதிக்கொண்டிருந்த காலத்தில், அவளுடைய கல்யாணத்துக்கு முந்தின நாள், பெற்றோரோடு கேக் வாங்கிக்கொண்டு வரும் வழியில், பிரிட்டிஷ் ராணுவத்தின் உள்ளூர்ப் பட்டாளம் போட்டிருந்த சோதனைச் சாவடியில் அவர்கள் காரை நிறுத்தியவர் இந்த ஆள்தான். அப்பாவை இறங்கச் சொல்லி, டிக்கியில் இருந்ததையெல்லாம் ரோட்டில் எடுத்து வைக்கச் சொன்னார். மூன்றடுக்கு கேக்கும் அதில் ஒன்று. மழை பெய்துகொண்டிருந்தது. மேலே பூசியிருந்த சர்க்கரையெல்லாம் கரைந்து ஒழுகியதைப் பார்த்து அம்மா காருக்குள் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் விருந்தில் கேக்கின் ஒரு பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள்.

ஐவனுக்கு அவளை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. எழுபது வயசிருக்கும். பால் மாடு வளர்க்கிறவர், புராட்டஸ்டன்ட், பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர். பேசப் பேசத்தான் தெரிந்தது, அவருடைய பண்ணை டிம்ப்னா வீட்டுக்குப் பின்னால் ஓடும் ரோட்டிலேயே இருந்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒரு கடைத்தெருவுக்குப் போவார்கள், இந்தப் பக்கத்துக்காரர்கள் வேறொன்றுக்கு. அப்படியே வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

மேஜையில் ரூரி என்று ஒரு இளைஞன் இருந்தான். கணக்காயர் படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்குப் போகிறவன். ஒரே அயர்லாந்து வேண்டும் என்பதில் அவனுக்கு முட்டியும் கிடையாது, மனசும் கிடையாது, முழு உறுதிதான். அவனுக்குப் பக்கத்தில் டொமிங்காஸ். கிழக்குத் திமோரில் பிறந்து, பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் பக்கத்து ஊர் இறைச்சித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள். இப்போது எங்கள் பக்கத்து ராகத்திலேயே பேசுவாள். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எந்தப் பக்கம் என்று கடைசிவரை வாய் திறக்காத நல்ல மனிதர்கள்.

காலை முழுவதும் வல்லுநர்கள் வந்து ஓய்வூதியம், ஆஸ்பத்திரி, வரி, பாஸ்போர்ட் பற்றியெல்லாம் பேசினார்கள். ஐவன் கை கட்டிக்கொண்டு கேட்டார். டீ இடைவேளையில் ரூரி அவரைக் கொஞ்சம் சீண்டினான். உங்கள் பாலெல்லாம் தெற்கேதானே போகிறது, அப்புறம் எதற்குத் தயக்கம் என்றான்.

ஐவன் கோபப்படவில்லை. "லாரி தினமும் எல்லையைத் தாண்டித்தான் போகுது, தம்பி. என் மாட்டுக்கு எல்லையே கிடையாது. ஆனா நான் மாடு இல்லையே."

டிம்ப்னா தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மத்தியானம் கூட்டத்தை நடத்திய எலினோர் என்ற பெண் ஒரு வேலை கொடுத்தாள். ஒரே அயர்லாந்து கேட்கிறவர்கள், அது வந்தால் பிரிட்டன்காரர்களாக இருக்க விரும்பும் அண்டை வீட்டாருக்கு என்னென்ன மிச்சம் இருக்கும் என்று எழுத வேண்டும். பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்கள், அப்படியே நீடித்தால் ஐரிஷ்காரர்களாக வாழ விரும்புகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று எழுத வேண்டும். அவரவருக்கு வேண்டியதை அவரவர் எழுதக்கூடாது. எதிர்த்தரப்புக்கு வேண்டியதை எழுத வேண்டும்.

ரூரியும் டிம்ப்னாவும் சேர்ந்து எழுதினார்கள். ஐவன் தனியாக இருந்ததால் டொமிங்காஸ் அவரோடு போய் உட்கார்ந்தாள். ரூரி எழுதியது நன்றாகவே இருந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளலாம், பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்களுடைய பள்ளிகள், ஜூலை மாத ஊர்வலங்கள், மேளங்கள் எல்லாம் இருக்கும். ஓய்வூதியத்தில் கை வைக்கக்கூடாது. டிம்ப்னா ஆஸ்பத்திரியைச் சேர்த்தாள், அது அவளுக்காகவும்தான். ரூரி வாசித்தபோது ஐவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு ஒன்று கேட்டார்.

"எங்க ஊர்ல, செத்துப்போன பட்டாளத்துக்காரங்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கு. நவம்பர் மாசம் அங்க நின்னு பேர் வாசிப்போம். என் தம்பி நோயல் பேர் அதுல இருக்கு. உங்க புது நாட்ல, அந்தப் பேரை வாசிக்கும்போது அரசாங்கத்துலேருந்து யாராவது வந்து நிப்பாங்களா?"

டிம்ப்னாவுக்கு நோயல் க்ரோசியரைத் தெரியும். அதாவது செய்தியில் கேட்ட பெயர். பகுதிநேரப் பட்டாளத்துக்காரன். ஒரே அயர்லாந்துக்காகத் துப்பாக்கி எடுத்தவர்கள் எல்லை தாண்டி வந்து பண்ணையில் வைத்துச் சுட்டுவிட்டுப் போனார்கள்.

ரூரியின் முகம் மாறிவிட்டது. "அவர் பிரிட்டிஷ் பட்டாளத்துல இருந்தவர். எங்க தாத்தாவைச் சுட்டதும் அந்தப் பட்டாளம்தான். அவர் கையில ஒரு கல்கூட இல்ல. இன்னிவரைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லல. அதுக்கு எந்திரிச்சு நில்லுன்னு எங்ககிட்ட கேக்காதீங்க."

"நோயல் மாட்டுத் தீவனம் இறக்கிட்டிருந்தான்" என்றார் ஐவன். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேஜையில் இருந்தவர்களுக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சற்று நேரத்தில் அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ரூரி நீளமாக எழுதியிருந்த காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை சொன்னான். யாரும் மறுக்கவில்லை. எலினோர் வந்து, யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அவர் திரும்ப வராவிட்டால் மேஜை அவர் இல்லாமலே அறிக்கை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் டொமிங்காஸ் பேசினாள். தன் நாட்டில் இந்த மாதிரி ஓட்டெடுப்பு நடந்தபோது தனக்கு ஒன்பது வயசு என்றாள். இந்தோனேசியாவோடு இருப்பதா, தனி நாடாவதா என்று கேட்டார்கள். அவள் அப்பா தனி நாட்டுக்குப் போட்டார், அப்பாவின் அண்ணன் மறுபக்கம். ஓட்டுப் போட்ட அன்று அம்மா எல்லாருக்கும் புதுத் துணி உடுத்திவிட்டாள். முடிவு வந்ததும் தோற்ற பக்கத்து ஆயுதக் கும்பல்கள் ஊரையே எரித்தன. அவர்கள் வீடும் போயிற்று. பெரியப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போனார். ஜெயித்த அப்பா அண்ணனைத் தேடி அழைத்துவர வருஷங்கள் ஆயிற்று.

"அப்பா ஜெயிச்சதுல எனக்கு சந்தோஷம்தான்" என்றாள். "நாடு கிடைச்சுது. ஆனா மறுநாள் காலையில பெரியப்பாவுக்கு என்ன ஆகும்னு யாருமே முன்னாடி உக்காந்து பேசல. இங்க பேசறாங்கன்னுதான் நான் வந்தேன்."

டிம்ப்னா கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

க்ரோசியர் பண்ணைக்குப் போகும் சந்தின் முனையைக் கடந்து அவள் ஆயிரம் முறையாவது போயிருப்பாள். மாணவர்களைத் திருப்பவும் பின்னால் எடுக்கவும் வேறு சந்துகளுக்கு அழைத்துப் போவாளே தவிர, இந்தச் சந்துக்குள் வண்டியை விட்டதில்லை. சாயங்காலம் ஆகியும் வெயில் நன்றாக இருந்தது. வீட்டுக் கதவைத் திறந்த ஆலிவ், ஐவனின் மனைவி, வந்திருப்பது யார் என்று கேட்கவேயில்லை. பால் கறக்கும் கொட்டகையைக் கை காட்டிவிட்டு, டீ போடுவதாகச் சொன்னாள்.

ஐவன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார்.

"அந்தப் பையன் மன்னிப்பு சொல்லி அனுப்பினானா?"

"இல்ல. அவன் சொல்லல, நானும் கேக்கல. அவனுக்கும் ஒரு சாவு இருக்கு."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"நாளைக்கு நீங்க வரலைன்னா உங்க கட்சியை நான்தான் பேசணும். எனக்கு அது நல்லா வராது. நல்லா வந்துட்டா இன்னும் கஷ்டம், வீட்ல ஃபின்டன் என்னை உள்ள விட மாட்டான்."

ஐவனின் வாயோரம் லேசாக அசைந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தது டிம்ப்னாவை மீறி வந்துவிட்டது. கல்யாணக் கேக், மழை, அம்மாவின் அழுகை எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கேக்குக்காகவா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"மூணடுக்கு. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "அதைக் கத்தியால குத்திப் பாக்கணும்னு கூட இருந்தவன் சொன்னான். வேணாம்னு சொன்னது நான்."

டிம்ப்னாவுக்கு அது நினைவில்லை. நம்புவதா வேண்டாமா என்றும் தெரியவில்லை.

"ஆனா மழையில நிக்க வெச்சதும் நான்தான். அதுக்கு அவசியமே இல்ல. நோயலைப் புதைச்சு ஒரு வாரம்கூட ஆகல. உங்க அப்பா என்னைப் பாத்துச் சிரிச்சார். கல்யாண சந்தோஷம், அவருக்குச் சிரிப்பு வருது. எனக்குப் பொறுக்கல."

டிம்ப்னா இல்லை என்று தலையாட்டினாள்.

"எங்க அப்பா பயந்தா சிரிப்பார், ஐவன். டாக்டர் வீட்ல சிரிப்பார். சாகும்போதும் சிரிச்சிட்டுதான் இருந்தார்."

ஐவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆலிவ் கூப்பிட்டாள், போய் உட்கார்ந்தார்கள். கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் வைத்திருந்தாள். மழை, வைக்கோல் விலை, டிம்ப்னாவின் முட்டி என்று பேச்சு போனது. ஹோட்டல் விஷயத்தை ஆலிவ் ஒரே ஒரு முறைதான் எடுத்தாள்.

"நாளைக்கு அங்க போய்ப் பேசலைன்னா வாரம் பூரா என்கிட்டதான் பேசுவார். தயவு பண்ணிக் கூட்டிட்டுப் போயிடு, கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஐவன் தேவாலயத்துக்குப் போகாமல் ஹோட்டலுக்கு வந்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். நேராக ரூரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் விறைத்துப்போய் இருந்தான்.

"உங்க தாத்தா பேர் என்ன?"

"எதுக்கு?"

"நேத்து நான் எழுதினதை ராத்திரி நினைச்சுப் பாத்தேன். இப்ப இருக்கிறபடியே இருந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்னு எழுதச் சொன்னாங்க. ஐரிஷ் பாஸ்போர்ட், ஐரிஷ்ல ரோட்டுப் பேர், உங்க பள்ளிக்கூடம்னு எழுதினேன். நோயல் பேரை எங்க வாசிப்பாங்கன்னு உங்ககிட்ட கேட்டேனே தவிர, உங்க வீட்டுப் பேரை நாங்க எங்க வாசிப்போம்னு எழுதல. அதான் கேக்கறேன்."

டொமிங்காஸ் தண்ணீர் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மலக்கி" என்றான். "மலக்கி டொனாகி. ரொட்டி வாங்கப் போனவர்."

ஐவன் தன் காகிதத்தில் அதை எழுதினார். பக்கத்தில், அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும், அரசாங்கத்தின் ஆள் ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்று எழுதினார். எழுத்துக்கூட்டி எழுதுகிற பெரிய பெரிய எழுத்து. ரூரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் காகிதத்தை இழுத்தான்.

"நான் எந்திரிச்சு நிப்பேனான்னு இப்ப சொல்ல முடியாது. பொய் சொல்ல விரும்பல. ஆனா அரசாங்கம் ஒருத்தரை அனுப்பணும். அதை எழுதறேன்."

"அது போதும். உன்னை நான் கூப்பிடவே இல்லையே" என்றார் ஐவன். அவர் "உன்னை" என்று சொன்னதை டிம்ப்னா கவனித்தாள். ரூரியும் கவனித்திருப்பான், அவன் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

அன்று மத்தியானம் எல்லா மேஜைக்காரர்களும் அரங்கத்தின் முன்னால் தங்கள் யோசனையைச் சொன்னார்கள். இவர்களுடையதை டிம்ப்னா வாசித்தாள். என்றைக்காவது ஓட்டெடுப்பு வருமானால், அதற்கு முன்பே தோற்கிறவர்களுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று எழுத்தில் வந்துவிட வேண்டும். ஜெயிக்க நினைக்கிறவர்கள்தான் அதை எழுத வேண்டும். தோற்கக்கூடியவர்கள் அதைப் படித்து, இதோடு வாழ முடியும் என்றோ முடியாது என்றோ சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் இதே விதி. டொமிங்காஸ் சொன்னதன் பேரில் இன்னொன்றையும் சேர்த்திருந்தார்கள்: முடிவு வந்த மறுநாள் சட்டசபையில் முதலில் பேச வேண்டியவர்கள் தோற்றவர்கள், கேட்க வேண்டியவர்கள் ஜெயித்தவர்கள்.

பின்வரிசையிலிருந்து, ஒரே அயர்லாந்து கேட்கும் ஒருவர் எழுந்தார். இதெல்லாம் காலம் கடத்தும் வேலை, பாதிக்கு மேல் ஒரு ஓட்டு விழுந்தால் விஷயம் முடிந்தது, சண்டையை நிறுத்திய சமாதான ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார். சிலர் கை தட்டினார்கள்.

டிம்ப்னா பதில் சொல்லத் தடுமாறினாள். அவர் சொன்னது தப்பில்லை. அவளும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தவள். ஐவன் அவளிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"ஐயா சொல்றது சரி. கணக்கு அதுதான். நான் மறுக்கல" என்றார். "ஆனா எங்க பெரியவங்க இங்க ரொம்ப காலம் அதையேதான் சொன்னாங்க. நாங்க ஜாஸ்தி, நீங்க கம்மி, முடிஞ்சு போச்சுன்னாங்க. உங்களுக்கு அது முடிஞ்சு போச்சா?"

அந்தப் பின்வரிசைக்காரர் நின்றபடியே யோசித்தார். பிறகு, "இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கைகளைத் தூக்கச் சொன்னபோது பெரும்பாலான கைகள் மேலே போயின. ரூரியின் கை முதலில் போனவற்றில் ஒன்று. ஐவன் கடைசியில்தான் தூக்கினார், அதுவும் தோள் உயரத்துக்கு மட்டும். யாருடைய மனமும் மாறிவிடவில்லை. ஐவன் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்கிறார். டிம்ப்னா ஒரே அயர்லாந்துக்குத்தான் ஓட்டுப் போடுவாள், முட்டிக்கு யாராவது உத்தரவாதம் கொடுத்தால் இன்னும் நிம்மதியாகப் போடுவாள்.

அறிக்கை இரண்டு அரசாங்கங்களுக்கும் போனது. படித்தோம், நன்றி என்று பதில் வந்ததாகச் சொன்னார்கள். விஷயம் அதோடு நின்றிருக்கும். ஆனால் அக்டோபரில் ஐவன் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர்கள் ஊர் ஆரஞ்சு மன்றத்தில், அதாவது புராட்டஸ்டன்ட் சங்கக் கட்டடத்தில், அந்த மேஜைக்காரர்கள் வந்து பேச முடியுமா என்று கேட்கிறார்களாம். டிம்ப்னா தன் வாழ்நாளில் அப்படி ஒரு கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஃபின்டன், வேண்டுமானால் தப்பி ஓட வசதியாக வெளியே காரை அணைக்காமல் காத்திருக்கிறேன் என்றான்.

பிரிட்டிஷ் ராஜாவின் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு டிம்ப்னா, ரூரி, டொமிங்காஸ் மூவரையும் உட்காரவைத்தார்கள். ரூரி டை கட்டி வந்திருந்தான். ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். டொமிங்காஸ் தன் ஊர் ஓட்டெடுப்பையும் ஓடிப்போன பெரியப்பாவையும் பற்றிச் சொல்லி ஆரம்பித்தாள். கேள்விகள் காரமாகவே வந்தன. நோயலைச் சுட்டவர்களை இவர்கள் கண்டிக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். கண்டிக்கிறேன் என்று டிம்ப்னா சொன்னாள். உங்கள் பெரியவர்கள் அன்றைக்கே சொன்னார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. சிலர் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை என்றாள். அந்தப் பதிலுக்கு முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அடுத்த கேள்வி கொஞ்சம் மெதுவாக வந்தது.

கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாள், இவர்களைப் பார்த்துக் கேட்காமல் ஐவனைப் பார்த்துக் கேட்டாள்.

"இவங்க எழுதிக் கொடுக்கறதை நம்பலாமா, ஐவன்?"

"தெரியாது, மேபல்" என்றார் ஐவன். "ஆனா எழுதிக் கொடுக்க வந்திருக்காங்க. நாம இத்தனை காலத்துல யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கோமா?"

மேபல் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்து, பின்னால் டீ கொதிக்கும் இடத்துக்குப் போனாள். மற்ற பெண்களும் எழுந்து போய்த் தட்டுகளை எடுத்து வந்தார்கள். யாரும் வாசல் பக்கம் போகவில்லை. ரூரியைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டு ஓய்வூதியக் கணக்கைப் பற்றி அவனோடு சண்டை பிடித்தார்கள். டொமிங்காஸிடம் மேபல் ஒரு தட்டு கேக்கைக் கொடுத்துவிட்டு, "உங்க பெரியப்பா திரும்பி வந்தப்ப முதல்ல யார் பேசினாங்க?" என்று கேட்டாள்.

டொமிங்காஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.